மூணு பெடல் வண்டி

பேச்சிமுத்து கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, பார்வைக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். லாரி டயரில் காற்று நிற்கிறதா என்று பார்க்கிற அதே தட்டு. கடைக்காரன் விக்ரம் சிரித்துவிட்டான்.

“அண்ணே, அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. வெறுங்கூடு.”

“கூட்டைத்தான் தம்பி மொதல்ல பாக்கணும். சேஸ் நெளிஞ்ச வண்டியில நல்ல இஞ்சின வச்சு என்ன செய்ய?”

பாண்டிமீனா கணவனின் வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டாள். பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கடை. பங்குனி வெயில் படிக்கட்டு வரைக்கும் ஏறி வந்து, ஏசிக்குப் பயந்து வாசலோடு நின்றுவிட்டது. விடியற்காலையிலேயே மாவரைத்து, பாக்கெட் கட்டி, கடைகளுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். விரல் இடுக்கில் உளுந்தின் வழவழப்பு இன்னும் போகவில்லை.

இந்தக் கடைக்கு அவர்கள் வந்து சேர்ந்த கதை போன வருசம் தொடங்கியது. ஓசூருக்குப் பக்கத்தில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றும்போது, ரிம்மைச் சுற்றி இறுகிக் கிடந்த இரும்பு வளையத்தைப் பேச்சிமுத்து சுத்தியலால் தட்டினான். தெறித்த துணுக்கு இடது கண்ணுக்குள் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பவில்லை. மற்ற கண்ணையும் மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார் டாக்டர். ஒற்றைக் கண்ணுக்குக் கனரக லைசென்ஸ் கிடையாது என்று ஆகிவிட்டது. பத்தொன்பது வருசம் மாதத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஆள், ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டான்.

முதல் சில வாரம் பாண்டிமீனாவுக்கு விருந்தாளியை வைத்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. அவனுக்குக் குழம்பில் எவ்வளவு புளி வேண்டும் என்பது தெரியும். பகல் பதினோரு மணிக்கு அவன் என்ன நினைப்பான் என்பது தெரியாது. பகல் பதினோரு மணிக்கு அவனை அவள் பார்த்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் வலது கால் தானாக மெல்ல அமுங்கும், எழும்பும். கை தொடைமேல் இல்லாத கியரைத் தேடும். மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே அவள் அதைக் கவனிப்பாள். இந்த மனுசனுக்குள் ஒரு ரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அது எந்த ரோடு என்று யோசிப்பாள்.

அப்போதுதான் அழகுமலை வந்தார். அவருக்கு மூன்று டிப்பர் லாரி இருந்தது. கிராவல் மண் அடிக்கிற ஓட்டம்.

“உள்ரோடுதான் மாப்ள. கண்மாய்க் கரையில இருந்து பிளாட்டுப் போடுற எடம் வரைக்கும். யாரு வந்து லைசென்ஸக் கேக்கப் போறா? ஒன் கை இருக்க கைக்கு ஒத்தக் கண்ணு பத்தாதா?”

பேச்சிமுத்து முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அந்த ரோட்டில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சைக்கிளில் போவதைப் பாண்டிமீனா பார்த்திருக்கிறாள். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் அவனே ஒரு நாள், கண் ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ ஒரு பையன் போனில் காட்டியதைப் பற்றிச் சொன்னான். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு. ஸ்டேரிங், கியர் எல்லாம் கையில், காலுக்குப் பெடல். மழை பெய்தால் வைப்பர் போட வேண்டும். லோடு ஏற்றினால் வண்டி இழுக்காது.

“கை சும்மா இருக்க மாட்டேங்குது புள்ள. ஒண்ணு இது, இல்லேன்னா அழகுமலை அண்ணன் வண்டி. வேற எனக்குத் தெரியல.”

அதனால்தான் அவள் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு தானே முன்னால் நடந்து வந்திருந்தாள்.

“என்ன மாதிரி வேணும்க்கா?” என்றான் விக்ரம்.

“ரொம்ப ஒசத்தி வேணாம் தம்பி. ரொம்ப மட்டமாவும் வேணாம். லாரி ஓடணும்.”

“லாரி ஓடும்க்கா. ஆனா நடுவால ஒரு வெலைன்னா எதுல கூட்டுறோம், எதுல கொறைக்கிறோம்கிறதுதான் வெசயம்.” அவன் மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

“இதுல இஞ்சின் எது?” என்று கேட்டாள்.

“ரெண்டு இருக்குக்கா. இந்தச் சின்னச் சில்லு பிராசஸர். இது கணக்குப் போடும். வண்டி எம்புட்டு வேகம், எம்புட்டு பாரம், பின்னாடி வாரவன் என்ன செய்வான்னு. இந்தா, இந்த நீளமா இருக்கது கிராபிக்ஸ் கார்டு. இது படம் வரையும்.”

“படம் அதுல முன்னாடியே இருக்காதா? சினிமா மாதிரி.”

“இல்லக்கா. அப்பப்ப வரையும். அண்ணன் இந்தப் பக்கம் திரும்புனா இந்தப் பக்கத்த வரையும். திரும்பாத பக்கத்த வரையாது. எதுக்கு வீணா?”

பாண்டிமீனா அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. திரும்பாத பக்கம் வரையப்படாது. அவன் வண்டி எடுத்துக்கொண்டு போன பிறகு, இவ்வளவு வருசமும், பழங்காநத்தத்து வீடும் தானும் கிரைண்டரும் அவன் முதுகுக்குப் பின்னால் வரையப்படாமலே கிடந்தோமா? கேட்டால் அவன் என்ன சொல்வான்? கேட்கக்கூடிய கேள்வியா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“தம்பி, எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும்” என்றான் பேச்சிமுத்து. வெளியாளிடம் அவனே அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. “அதுக்குத் தக்கன ஏதும் பாக்கணுமா?”

விக்ரம் கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னான். “தேவையில்லண்ணே. ரோட்டுல தூரம் கிட்ட தெரிய ரெண்டு கண்ணு வேணும். திரை தட்டைதானே. அதுல எல்லாரும் ஒத்தக் கண்ணுக்காரங்கதான்.”

“அப்ப ஒனக்கும் எனக்கும் அதுல வித்தியாசம் இல்ல.”

“இல்லண்ணே. நீங்க ஓட்டுனா நான் தோத்துருவேன்.”

பேச்சிமுத்துவின் தோள் ஒரு விரற்கடை உயர்ந்ததைப் பாண்டிமீனா பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவன்தான் பேசினான். கிராபிக்ஸ் கார்டில் புதுசு ஒன்று, வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன பழசு ஒன்று என்று இரண்டைக் காட்டியபோது, மூன்று விசிறி வைத்த பழசைத் தூக்கினான். “இது ரொம்பக் கரண்டு இழுக்கும்ணே” என்றான் விக்ரம். “டீசல் குடிக்காம இழுவை வருமா?” என்று அதையே வைத்துக்கொண்டான். ஸ்டேரிங்கில் இரண்டு பெடல் வைத்ததை ஒதுக்கினான்.

“கிளட்ச் எங்க?”

“அது இல்லாமலே ஓட்டலாம்ணே. ஆட்டோமேட்டிக்.”

“கிளட்ச் இல்லேன்னா அது வண்டி இல்ல தம்பி, ராட்டினம். எடது கால் என்ன செய்யும்? மூணு பெடல் வேணும்.”

மூன்று பெடலும் கியரும் உள்ளது விலை கூடுதல். வேறு எங்காவது குறைக்க வேண்டும். நினைவகத்தைக் குறைத்தால் வண்டி விக்கி விக்கி ஓடும் என்றான் விக்ரம். திரையைக் குறைக்க அவளுக்கு மனமில்லை. கடைசியில் பவர் சப்ளை என்கிற கறுப்புப் பெட்டியில் வந்து நின்றது. மற்ற எல்லாவற்றுக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான்.

“இந்தக் கார்டுக்கு அறுநூத்தம்பது வாட்டு வேணும்ணே. நானூத்தம்பது இருக்கு, வெல கம்மி. ஆனா நான் சொல்ல மாட்டேன்.”

“நானூத்தம்பதுன்னு எழுதியிருந்தா அறுநூறு தாங்கும்.”

“எப்பிடிண்ணே?”

“எழுதுறது ஒண்ணு, ஏத்துறது ஒண்ணு தம்பி. ஆர்சி புக்குல ஒம்பது டன்னுன்னு போட்டிருப்பான். பதினாலு ஏத்தி நான் திம்பம் மலை ஏறியிருக்கேன். எத்தன கொண்டை ஊசி வளைவு. கம்பெனிக்காரனுக்குத் தெரியும், நாம கூடத்தான் ஏத்துவோம்னு. அதுக்குத் தக்கன ஸ்பிரிங் பட்டையக் கூட வச்சுத்தான் செய்வான்.”

“மாமா,” என்றாள் பாண்டிமீனா மெதுவாக, “கிரைண்டர்ல அளவுக்கு மேல போட்டா பெல்ட்டு கருகுதுல்ல?”

“அது மாவு மிசினு புள்ள.”

அவன் சொல்வது தப்பு என்று அவளுக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அவன் குரல் திம்பத்தில் இருந்தது. ஒரு வருசமாக அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. அதை அறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“சரி, அண்ணன் சொல்றாருன்னு போட்டுத் தாரேன்” என்றான் விக்ரம். “ஓவர்லோடு ஆச்சுன்னா அதுவா பட்டுன்னு ஆஃப் ஆயிரும். பயந்துறாதீங்க. மாத்தணும்னா வாங்க, நான் சிரிக்க மாட்டேன்.”

“இப்பவே சிரிக்கிறியே.”

“இது வேற சிரிப்புண்ணே.”

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். “இதுக்குச் சக்கரம் எங்க இருக்கு?” என்று பாண்டிமீனா கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விக்ரம் கழிவு விலையில் கொடுத்திருந்த, காலில் சக்கரம் வைத்த நாற்காலியின் கீழே நான்கு பழத்தை வைத்து, ஏறி உட்கார்ந்து, முன்னால் உருட்டினான். ஒன்று நசுங்கியது. மூன்று கட்டிலுக்கடியில் ஓடிவிட்டன. அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவனும் சிரித்தான்.

பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டுக்குள் ஒரு லாரி ஓடியது. வெளிச்சம் திரையில் அடிக்கக்கூடாது என்று ஜன்னலுக்குப் போர்வை கட்டினான். காலையில் குளித்து, திருநீறு பூசி, கைலியை மாற்றிவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பனி விழுகிற ஏதோ தேசம். ஊர்ப் பெயர்களை அவன் படிப்பதே இல்லை. வளைவு வந்தால் ஹாரன் அடிப்பான். எதிரே வருகிறவனுக்கு லைட்டைத் தணிப்பான். சாப்பாட்டுக்கு எழுந்து வரும்போது வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் வருவான்.

பாண்டிமீனா மாவு வேலை முடிந்ததும் அடுப்படி வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொள்வாள். கேள்வி கேட்பாள்.

“இப்ப என்ன லோடு?”

“ஏதோ மரம்.”

“நீங்க நெசத்துல என்னல்லாம் ஏத்தியிருக்கீங்க?”

“என்ன ஏத்தல. வெங்காயம், கண்ணாடி, கம்பி. ஒருக்க நாக்பூர்ல இருந்து ஆரஞ்சு. மூணு நாளு அந்த வாசம் போகல. சோறு திங்கையிலகூட ஆரஞ்சு வாசம்.”

“எங்கிட்ட சொன்னதே இல்ல.”

“வீட்டுக்கு வந்தா தூக்கந்தான புள்ள வரும். பேச்சா வரும்?”

“மலை ஏறையில பயமா இருக்காதா?”

“ஏறையில பயமில்ல. எறங்கையிலதான். எறங்கையில வண்டி நம்ம பேச்சக் கேக்காது, பாரத்தோட பேச்சத்தான் கேக்கும். ஆனா ஒண்ணு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலேன்னா கால் தானா பிரேக்குக்குப் போயிரும். மூடுபனியா, புழுதியா, எதுன்னாலும். நெனைக்கவே வேணாம். கால் போயிரும்.”

எந்தப் பெடல் எது என்று அவள் கேட்டாள். இடது ஓரம் கிளட்ச், நடுவில் பிரேக், வலது ஓரம் ஆக்சிலேட்டர் என்று காலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். பத்தொன்பது வருசக் குடும்பத்தில் பேசியதைவிட அந்தப் பத்துப் பதினைந்து நாளில் அதிகம் பேசியிருப்பார்கள். இதற்கா ஒரு மிசின் தேவைப்பட்டது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் அவனால் முடியாது. முன்னால் ஒரு ரோடு ஓட வேண்டும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

“கை மறக்கல மீனா. ஒரு கீறல் விழாம ஓட்டுறேன். ஒத்தக் கண்ணு பத்தும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அழகுமலை அண்ணன் போன் பண்ணாரு. சாயங்காலம் வாரேன்னாரு.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ரோட்டிலிருந்து அவனை இறக்கத்தான் இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். அது அவனுக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் எல்லாரும் ஒற்றைக் கண்ணுக்காரர்கள்தான் என்று அந்தத் தம்பி சொன்னதன் முதல் பாதியை இவன் மறந்துவிட்டான்.

“ரோட்டுல தூரம் கிட்ட தெரிய ரெண்டு கண்ணு வேணும்னு சொன்னான்ல.”

“அவன் லாரி ஓட்டியிருக்கானா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கருவாட்டுக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிக்க, வழக்கம்போல அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். அது அவனுக்கு இடப்பக்கம். அடுப்படி வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து அவன் கால்வரைக்கும் தரையில் விழுந்தது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை. லோடு கனமாக இருக்க வேண்டும், ஸ்டேரிங் அவன் கைக்குள் அதிர்ந்தது. ஏறி முடித்து இறக்கம் தொடங்கியது. மழையும் கொட்டியது. பெட்டிக்குள் விசிறிகள் இரைந்தன.

பட்டென்று எல்லாம் நின்றுபோனது. திரை கறுத்தது. இரைச்சல் அடங்கியது. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பேச்சிமுத்து அசையவில்லை. அவன் வாய் திறந்திருந்தது. இரண்டு கையும் ஸ்டேரிங்கை முறுக்கிப் பிடித்திருந்தன. தலையை இப்படியும் அப்படியும் திருப்பவில்லை, முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில் கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே பார்ப்பது போல. அவனுக்கு என்ன நடந்தது என்று பாண்டிமீனாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாக அவன் நினைக்கவில்லை. மிச்சமிருந்த கண்ணும் போய்விட்டதாக நினைக்கிறான்.

எழுந்து ஓட வேண்டும், கூப்பிட வேண்டும். ஆனால் அவள் பார்வை கீழே போனது. அவனுடைய வலது கால் நடுப் பெடலுக்கு வரவில்லை. வலது ஓரத்துப் பெடலை, தரையோடு தரையாக, பாதம் வெளுக்க மிதித்துக்கொண்டிருந்தது.

திரையில் இங்கிலீசில் ஒரு சின்ன எழுத்துக் கட்டம் வந்தது. சிக்னல் இல்லை என்று. அதைப் பார்த்ததும் அவனிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. கையை எடுத்து வலது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு குனிந்து காலைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் காலை எடுத்தான்.

“ஓவர்லோடு” என்றான், அவள் பக்கம் திரும்பாமல். “அந்தத் தம்பி சொன்ன மாதிரியே நின்னுருச்சு.”

“ம்” என்றாள். காலைப் பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் டிப்பர் பேச்சு இங்கேயே முடியும், அவன் வீட்டிலேயே இருப்பான், ஆனால் அவள் சொன்னதால் இருப்பான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வைத்துக்கொண்டு இந்த மனுசன் என்ன செய்வான்? பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. வெங்காயத்தை உரித்தாள்.

வெயில் தாழ அழகுமலை பைக்கில் வந்தார். வாங்கி வந்திருந்த பருத்திப்பாலை அவள் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன மாப்ள, வீட்டுக்குள்ளேயே டிரான்ஸ்போர்ட்டு வச்சிருக்கியாம். ஊரே பேசுது. இதுல ஒரு நாளைக்கு எம்புட்டு நடை அடிக்கிற?”

“அது ஆஃப் ஆயிருச்சுண்ணே.”

“விடு. நாளைக்குக் காலையில வா. புது டிப்பர்தான். நீ தொட்டா ஓடும்.”

பாண்டிமீனா மூன்று டம்ளரில் பருத்திப்பாலை ஊற்றினாள்.

“வரலண்ணே.”

“ஏன், தங்கச்சி விட மாட்டேங்குதா?”

“அது ஒண்ணும் சொல்லல” என்றான் பேச்சிமுத்து. “மத்தியானம் ஓட்டிக்கிட்டு இருக்கையில பட்டுன்னு இருட்டிருச்சு. கண்ணு போச்சுன்னே நெனச்சேன்.”

“கரண்டு போனதுக்கா மாப்ள இப்பிடிப் பயந்த?”

“கரண்டு போகலண்ணே. ஃபேன் ஓடுச்சு. அதக்கூட நான் கேக்கல. நான் சொல்ல வந்தது அது இல்ல. கால் பிரேக்குக்குப் போகலண்ணே. ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டு நின்னேன். குனிஞ்சு பாத்தப்பத்தான் எனக்கே தெரியும்.”

அழகுமலை சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். அவரும் ஓட்டி வளர்ந்தவர்தான்.

“எம்புட்டு நேரம்?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடம் விட்டு வார ஒரு பிள்ள குறுக்க வந்தா, அம்புட்டு நேரம் பத்தும்.”

அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்தார். “லாரி செட்டுல ஆள மேய்க்க ஒருத்தர் வேணும். ஓட்டுறதுக்கு இல்ல. டிரைவரு பயலுக ஒருத்தனும் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குறாய்ங்க. நெனச்சுப் பாரு” என்று வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

“பாப்போம்ணே.”

பைக் சத்தம் தெருமுனை திரும்பியது.

“நீ பாத்தேல்ல?” என்றான் பேச்சிமுத்து.

“பாத்தேன்.”

“அவரு வாரதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“தெரியல மாமா. அது வரைக்கும் எனக்கு நெனப்பு ஓடல.”

அவன் தலையை ஆட்டினான். எழுந்து போய், அணைந்து கிடந்த திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டியை முடுக்கவில்லை. காலை வலது ஓரத்துப் பெடலில் வைத்தான்.

“இங்க வா. நான் கண்ண மூடிக்கிறேன். எப்பன்னு சொல்லாம, திடீர்னு ‘ஏய்’னு சொல்லு. கால் எங்க போகுதுன்னு பாப்போம்.”

அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து, அவனுக்கு எதிரில், திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணை மூடினான். நெற்றியில் வியர்வை. மூக்குக்குப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு பழைய வடு. இமைகள் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, எது பார்க்கிற கண் என்று மூடியிருக்கும்போது சொல்ல முடியாது. அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், தன் விருப்பத்துக்கு, அவன் திருப்பிப் பார்க்காமல் அவள் பார்த்ததே இல்லை.

“சொல்லு புள்ள.”

“இருங்க” என்றாள்.